எமுலேட்டர் வழக்கில் அறமும் உரிமையும்

வீடியோ விளையாட்டுக்களை எமுலேட்டர் கொண்டு ஆடுதல் தகுமா தகாதா என்னும் வினா பலராலும் எழுப்பப்படுகின்றது. தகும் என்பாரும் தகாது என்பாரும் பெரும்பாலும் ஒரே பிழையைச் செய்கின்றனர். எமுலேட்டர் என்பது வேறு. அதில் இட்டு ஆடப்பெறும் விளையாட்டின் படி என்பது வேறு. இவ்விரண்டனையும் ஒன்றாக்கி வழக்காடுதலின், ஒருவர் கூற்று மற்றவர் கூற்றை எதிர்கொள்ளாமலே போய்விடுகின்றது.

எமுலேட்டராவது, ஒரு பொறி செய்யும் செயல்களையெல்லாம் வேறொரு பொறியின்மேல் நின்று செய்துகாட்டும் மென்பொருள். பழைய விளையாட்டுப் பொறி ஒன்றன் செயலியும் நினைவகமும் ஒலி எழுப்பும் உறுப்பும் படம் வரையும் உறுப்பும் எவ்வெக்கணத்தில் யாது செய்யும் என்பதை அறிந்து, அவ்வாறே இன்றைய கணிப்பொறியைச் செய்விப்பது அது. விளையாட்டு அதனுள் இல்லை. விளையாட்டு, சில்லிலோ குறுந்தட்டிலோ பொறிக்கப்பெற்ற தனி நூல். நூல் என யாம் கூறுதல் சிலர்க்கு நகை விளைக்கலாம்; எனினும் ஆக்கியோனும் படியும் பாடவேறுபாடும் உடைய ஒன்றனை வேறு எப்பெயரால் அழைப்பது? சில்லினின்று எடுக்கப்பெற்ற படியை ஆடுவோர் 'ரோம்' என வழங்குவர். பிறிதொரு பொறியைப்போல ஒழுகும் மென்பொருளை ஆக்குதல் ஒரு செயல். பிறர் நூலைப் படியெடுத்து ஊரெல்லாம் வழங்குதல் மற்றொரு செயல்.

முதற்செயலைப்பற்றி ஐயுறுதற்கு இடம் மிகுதியில்லை. கனெக்டிக்ஸ் என்னும் நிறுவனம், சோனியின் பிளேஸ்டேஷன் விளையாட்டுக்களை மக்கின்டாஷ் கணிப்பொறியில் ஆடத்தக்க மென்பொருளை 1999-இல் வெளியிட்டது. சோனி வழக்குத் தொடுத்தது. ஆக்கும் காலத்துச் சோனியின் அடிப்படை மென்பொருளைக் கனெக்டிக்ஸ் பன்முறை படியெடுத்து ஆராய்ந்தமை உண்மையே. ஆயின் முடிவில் விற்ற பொருளில் சோனியின் எழுத்து ஒன்றும் இல்லை. 2000 பிப்ரவரியில் அமெரிக்க ஒன்பதாம் வட்ட மேன்முறையீட்டு நீதிமன்றம், ஆராய்ச்சிக்காக எடுத்த அவ்விடைப்படிகள் நேரிய பயன்பாட்டின்பாற்படும் எனத் தீர்த்தது. பின்னர்ச் சோனி அம்மென்பொருளை விலைக்கு வாங்கி விற்பனையை நிறுத்திவிட்டது. இவ்வரலாற்றின் பிற்பகுதியே சுவையுடையது. 2018-இல் சோனி தானே வெளியிட்ட பிளேஸ்டேஷன் கிளாசிக் என்னும் சிறுபொறியினுள் நின்று இயங்கியது, தன்னார்வலர் ஆக்கி எவரும் எடுத்தாளுமாறு வெளியிட்டிருந்த பி.சி.எஸ்.எக்ஸ். ரீஆர்ம்டு என்னும் எமுலேட்டரே. தான் எதிர்த்து வழக்காடிய கலையையே உரிமையாளன் தன் வாணிகத்திற்குத் துணைக்கொண்டபின், அக்கலை இயல்பிலேயே இழிந்தது என்பார் கூற்று வலியிழந்து விடுகின்றது.

இனி, படியைப்பற்றிய வினா எளிதன்று. ஜப்பானியக் கேப்காம் நிறுவனத்தின் சி.பி.எஸ்.-2 என்னும் பொறித்தொகுதியை ஈண்டுச் சான்றாகக் கொள்ளலாம். காசிட்டு ஆடும் கூடங்களுக்கென 1993-இல் வெளிவந்தது அது. அதற்கு முன்னைத் தொகுதியில் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' பெரும்புகழ் பெற்றமையின், போலிப் பலகைகள் எங்கும் மலிந்தன. அதனைத் தடுத்தற்பொருட்டு, புதிய தொகுதியில் விளையாட்டின் கட்டளைகளை மறைக்குறியில் எழுதி, அம்மறையை விடுவிக்கும் திறவுகோலை மின்கலம் ஒன்றால் உயிர்த்திருக்கும் நினைவகத்தில் வைத்தனர். மின்கலம் வற்றின் திறவுகோல் அழியும். திறவுகோல் அழியின் பலகை இயங்காது. அதனை நிறுவனத்திற்கு அனுப்பியே சீர்செய்துகொள்ள வேண்டியிருந்தது. கூடம் நடத்துவோர் இதனைத் 'தற்கொலை மின்கலம்' என்றனர். சில்லில் நூல் முழுதும் இருக்கும். படிப்பார்க்குத்தான் வழி இராது.

இந்தப் பூட்டை இட்டது முறையன்று என யாம் கூறோம். போலி செய்வார் உழைத்தாரது ஊதியத்தைக் கவர்ந்தனர். தம் பொருளைக் காத்துக்கொள்ள ஆக்கியோர்க்கு உரிமை உண்டு. ஆயின் பூட்டிட்ட நோக்கம் முடிந்த பின்னும் பூட்டு முடியவில்லை. நிறுவனத்தின் பெயரால் ஆக்கப்பெறும் படைப்பிற்கு அமெரிக்கச் சட்டம் வெளியீட்டினின்று 95 ஆண்டு உரிமை அளிக்கின்றது. எனவே 1993-இல் தோன்றிய விளையாட்டின் உரிமை அந்நாட்டில் 2088 வரை நிற்கும். மின்கலம் அத்துணைக் காலம் நிற்குமோ? உரிமைக்கு வரம்பு கட்டிய சட்டத்தின் கருத்து, வரம்பு கழிந்தபின் படைப்பு அனைவர்க்கும் பொதுவாதல் வேண்டும் என்பது. பொதுவாகும் நாளில் படைப்பே இல்லையெனின், பொதுமக்கள் கொடுத்த உரிமைக்கு ஈடாகப் பெற்றது யாது? உரிமை என்பது விற்கவும் விலக்கவும் தந்த அதிகாரம். அழியவிடும் அதிகாரத்தையும் அதனுள் அடக்குதல் பொருந்தாது.

2007-இல் ஆண்ட்ரியாஸ் நைவ், நிக்கோலா சல்மோரியா ஆகிய இருவர் அம்மறைப்பு முறையை முற்றும் விடுவித்தனர். சல்மோரியா, கூடத்துப் பொறிகளுக்கென 1997-இல் 'மேம்' என்னும் எமுலேட்டரைத் தொடங்கியவர். பொறிகளின் அமைப்பைப் பதிவுசெய்து வைத்தலே தன் நோக்கம் என்றும், விளையாட ஒண்ணுதல் அதனோடு வரும் பயன் என்றும் அத்திட்டம் கூறிக்கொள்ளும். இக்கூற்றைச் சாக்கு என்று தள்ளுவாரும் உளர். சி.பி.எஸ்.-2 அளவில் நோக்குவார்க்கு அது சாக்கன்று. பூட்டை உடைத்தவரே நூலைக் காத்தனர்.

ஆனால் இதனோடு நின்றுவிடின் வழக்கின் மறுபாதியை மறைத்தவராவோம். 2018-இல் கேப்காம், ஸ்ட்ரீட் ஃபைட்டர் வரிசையில் 12 விளையாட்டுக்களைத் தொகுத்து விற்றது, சி.பி.எஸ்.-2-இற்கு உரியனவும் அவற்றுள் இருந்தன. 'கைவிடப்பட்டது, ஆதலின் எடுத்தோம்' என்று அதுகாறும் கூறிவந்தார் கூற்று, அன்று அவ்விளையாட்டுக்களின் அளவில் பொய்யாயிற்று. கைவிடப்படுதல் ஒரு பொருளின் நிலையான பண்பன்று; ஒரு காலத்து நிலை. நேற்று படியெடுத்து ஆடினார்க்கு இருந்த நியாயம், இன்று கடையில் விலைக்குக் கிடைப்பதை வாங்காது விடுவார்க்கு இல்லை.

விலைக்குக் கிடைப்பன எத்துணை? அமெரிக்காவிலுள்ள வீடியோ விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023-இல் வெளியிட்ட ஆய்வு, அந்நாட்டில் 2010-க்கு முன் வெளிவந்த விளையாட்டுக்களுள் நூற்றுக்கு 87 விற்பனையில் இல்லை என்று கண்டது. இல்லை என்றது அழிந்தன என்பதன்று. பழம்பொருள் விற்பாரிடம் பல கிடைக்கும். ஆயின் அங்குக் கொடுக்கும் விலையில் ஆக்கியோர்க்கு ஒரு காசும் சேராது. பழைய சில்லைப் பெருவிலைக்கு வாங்கியவர் சட்டத்தின்முன் தூயவர். படியை இறக்கியவர் குற்றவாளி. ஆக்கியோர் பெற்றதோ இருவரிடத்தும் ஒன்றுமில்லை. நூலகங்கள் இவ்விடைவெளியை நிரப்பலாம் எனின், விற்பனையில் இல்லாத விளையாட்டுக்களை ஆய்வாளர்க்குத் தொலைவிலிருந்து காட்ட வேண்டிய விலக்கினை 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. நேர்வழியை அடைத்துவிட்டுக் குறுக்குவழியில் செல்வாரைக் கடிதல் எளிது.

பாதுகாப்பு என்னும் சொல்லை இரவல் வாங்குவாரையும் கூறுதல் வேண்டும். நின்டெண்டோவின் ஸ்விட்ச் பொறி விற்பனையில் இருந்த காலத்தே அதற்கு ஆக்கப்பெற்றது யூசு என்னும் எமுலேட்டர். 2023 மே 12-இல் வெளிவரவேண்டிய 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' என்னும் விளையாட்டு அந்நாளுக்கு முன்னரே கசிந்தது. பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட முறை இறக்கப்பெற்றது என நின்டெண்டோ 2024 பிப்ரவரியில் தொடுத்த வழக்கில் கூறியது. அடுத்த மாதமே, 24 இலட்சம் டாலர் தருவதாக ஒப்பி யூசுவை ஆக்கியோர் அதனைக் கைவிட்டனர். இணக்கத்தால் முடிந்த வழக்காதலின், எமுலேட்டரைப்பற்றி நீதிமன்றம் ஆராய்ந்து கூறிய புதுத்தீர்ப்பு இதில் இல்லை. எனினும் வெளிவராத நூலை அழிவினின்று காத்தேன் என்று எவரும் சொல்ல ஒண்ணாது. பல்லாண்டு உழைத்தார் தம் படைப்பை முதன்முதலாக வெளியிடும் நாளையே அது கவர்ந்தது.

இவ்வழக்கில் பலரும் நோக்காத இழப்பு ஒன்று உண்டு. யூசுவோடு சேர்ந்து சிட்ரா என்னும் எமுலேட்டரும் நிறுத்தப்பட்டது. சிட்ரா, நின்டெண்டோவின் 3டிஎஸ் பொறிக்கு உரியது. அப்பொறியின் ஆக்கம் 2020-இலேயே நின்றது. அதற்குரிய இணையக் கடையும் 2023 மார்ச்சில் விற்பனையை நிறுத்தியது. அக்கடையில் மட்டுமே விற்கப்பெற்ற விளையாட்டுக்களை இனி நேரே வாங்க வழியில்லை. வாழும் பொறியின் விளையாட்டைக் கவர்ந்தார் செயலால், வழக்கொழிந்த பொறியின் விளையாட்டுக்களைக் காக்கும் கருவியும் வீழ்ந்தது. இலவசமாக ஆடும் விருப்பத்தைப் பாதுகாப்பு என்று பெயரிட்டு அழைப்பார் இதனை எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

நம்மனோர்க்கு உரிய அறம் ஒன்று எஞ்சியுள்ளது. எமுலேட்டர்கள் எல்லாம் ஒரு தரத்தன அல்ல. நின்டெண்டோ 64-இற்கு 1999-இல் வந்த அல்ட்ரா எச்.எல்.இ. போல்வன, பொறியின் உள்ளுறுப்புக்களை உள்ளவாறு பின்பற்றாது, விளைவை மட்டும் விரைந்து காட்டுவன. அவற்றில் சில விளையாட்டுக்கள் நன்கு ஓடும். பல பிழைபட ஓடும், அல்லது ஓடா. அத்தகைய ஒன்றில் ஆடிப்பார்த்து, 'இவ்விளையாட்டின் ஒலி இத்தகையது, ஓட்டம் இத்தகையது' என எழுதுவார், பிழை மலிந்த படியை மூலபாடமாகக் கொண்டு ஆசிரியனைக் குறை கூறுவாரை ஒப்பர். ஆதலின் விளையாட்டுக்களை ஆராயும் மாணவர், எப்பதிப்பின் படியை, எந்த எமுலேட்டரின் எவ்வெளியீட்டில் கண்டனர் என்பதையும், அப்படி தம் கைக்கு எவ்வாறு வந்தது என்பதையும் கட்டுரையின் முதலிலேயே குறித்தல் வேண்டும். இவற்றுள் பின்னதை எழுத நாணுவார் பலர். எழுதினால் வழக்கு வருமோ என்று அஞ்சுவாரும் உளர்.