தொட்டால் இயல்பாக இருக்கும்: யாருக்கு?

சித்திக்கு இடது மாரை எடுத்து ஓராண்டு ஆகியிருந்தது. பேரிகையிலிருந்து மாலூர் போகும் வழியில் உள்ள ரோஜாப் பண்ணையில், பேக்கிங் ஷெட் வேலைக்கு மறுபடி போகத் தொடங்கியிருந்தார். பிப்ரவரி மாதம், காதலர் தினத்துக்குப் பூ அனுப்பும் நெருக்கடி. தாஜ்மஹால் ரகச் சிவப்பு ரோஜாவை இருபது இருபதாகக் கட்டி, கட்டுகளை மாரோடு அணைத்துக் குளிர் அறைக்குத் தூக்கிப் போக வேண்டும். பக்கத்தில் நின்றவள்தான் பார்த்துச் சொன்னாளாம்: "அக்கா, ஜாக்கெட்டுல ரத்தம்." முள் ஏறியிருக்கிறது. சித்திக்குத் தெரியவே இல்லை.

"ஆஸ்பத்திரியில சொல்லலையா சித்தி?" என்று கேட்டேன்.

"கை வீங்கும்னாங்க. வெயிட்டு தூக்காதன்னாங்க. முடி கொட்டும், திரும்ப வளரும்னாங்க. மரத்துப்போகும்னு யாரும் சொல்லல பாப்பா."

எங்கள் ஊரில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் புழங்கும். மார், ரொம்மு, எதெ என்று மூன்று சொற்கள் இருந்தும், சித்தியின் அறுவையைப் பற்றிப் பேசியபோது வீட்டில் ஒருவரும் அவற்றில் எதையும் பயன்படுத்தவில்லை. "கட்டி எடுத்தாங்க" என்பதோடு முடித்துக்கொண்டோம். பெயர் சொல்லப்படாத உறுப்பு எதை இழந்தது என்று யார் கேட்பார்கள்?

மார்பகத்தின் தொடுவுணர்வு விலா எலும்புகளுக்கு இடையே ஓடும் நரம்புகளிலிருந்து வருகிறது. அவற்றின் கிளைகள் நெஞ்சின் முன்புறத்திலும் பக்கவாட்டிலும் தோலுக்கு ஏறுகின்றன. காம்புக்குச் செல்வதில் முக்கியமானது நான்காவது விலாநரம்பின் பக்கவாட்டுக் கிளை. மார்பகத் திசுவை முழுவதுமாக எடுக்கும்போது இந்தக் கிளைகளில் பெரும்பாலானவை வெட்டுப்படுகின்றன. அக்குளில் நெறிக்கட்டிகளை எடுக்கும்போது மேல்கையின் உட்புறத்துக்குப் போகும் நரம்பும் அடிபடலாம். புற்றை அகற்றுவதற்காக இதைச் செய்கிறார்கள். அதில் எனக்குச் சண்டை இல்லை. வெட்டியதை ஓர் இழப்பாகக் கணக்கில் எழுதாததில்தான் சண்டை.

மறுசீரமைப்பு அறுவையில் இந்தக் கணக்கு இன்னும் துலக்கமாகத் தெரியும். அடிவயிற்றிலிருந்து தோலையும் கொழுப்பையும் எடுத்து மார்பகமாக வடிக்கும் முறை ஒன்று உண்டு. வயிற்றுத் திசுவோடு வரும் தமனியையும் சிரையையும் நெஞ்சிலுள்ள குழாய்களோடு நுண்ணோக்கியின் கீழ், முடியைவிட மெல்லிய நூலால் தைக்கிறார்கள். இரத்தம் ஓடாவிட்டால் வைத்த திசு கறுத்து அழுகிவிடும், ஆகவே அதைத் தைத்தே ஆக வேண்டும். அதே திசுவில் ஒரு நரம்பும் இருக்கிறது. அதை விலாநரம்போடு தைக்காவிட்டாலும் திசு சாகாது. உருண்டையாக, வெதுவெதுப்பாக, பார்ப்பவர் கண்ணுக்குக் குறையில்லாமல் இருக்கும். இருப்பவளுக்கு மட்டும் அது தன்னுடையதென்று தெரியாது. இந்த நரம்பு நெடுங்காலம் பெரும்பாலும் தைக்கப்படாமலே விடப்பட்டது.

தைக்க முடியாததால் அல்ல. 1999இல் பெல்ஜியத்தில் ஃபிலிப் ப்ளாண்டீலும் உடன் பணியாற்றியவர்களும் இந்த நரம்பிணைப்பு பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதன் தலைப்பிலேயே ஒரு சிலேடைக் கேள்வி இருந்தது: இது அபாரமா, அர்த்தமற்றதா? அவர்களை நான் குறை சொல்லவில்லை. செய்து பார்த்தவர்கள் அவர்கள். ஆனால் தமனியைத் தைப்பது அர்த்தமுள்ளதா என்று ஒருவரும் தலைப்பு வைப்பதில்லை. செயற்கைப் பை வைத்துச் செய்யும் மறுசீரமைப்பிலும் வழி தேடினார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆன் பெலட், ஸிவ் பெலட் என்ற அறுவை மருத்துவர்கள், முடிந்தவரை நரம்புகளைக் காப்பாற்றியும், வெட்டுப்பட்ட இடத்தில் இறந்தவர் தானமளித்த நரம்பைப் பாலமாக வைத்துக் காம்புவரை கொண்டுபோயும் பார்த்ததை 2019இல் வெளியிட்டார்கள்.

2017இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் இது குறித்து ஒரு நீண்ட செய்திக் கட்டுரை வந்தது. மறுசீரமைத்த மார்பகம் இயல்பாக இருக்கும் என்று நம்பி அறுவைக்குப் போய், உணர்வற்ற மார்போடு வீடு திரும்பிய பெண்கள் அதில் பேசினார்கள். தமிழில் அதே வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள்: "தொட்டால் இயல்பாக இருக்கும்." இந்த வாக்கியத்தில் எழுவாய் இல்லை. தொடுகிறவருக்கா, தொடப்படுகிறவளுக்கா என்று சொல்ல நம் இலக்கணம் நம்மைக் கட்டாயப்படுத்துவதில்லை. சொல்கிறவர் ஒன்றை நினைக்கிறார், படுக்கையில் கிடப்பவள் இன்னொன்றைக் கேட்டுக்கொள்கிறாள்.

அந்த எழுவாய் தமிழ்நாட்டில் ஒருமுறை வெளிப்படையாகவே சொல்லப்பட்டது. 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பகச் சீரமைப்பு இலவசமாகக் கிடைக்கும் என்று அறிவித்தபோது, அன்றைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர் முன்வைத்த நியாயம், அழகுச் சிகிச்சை ஏழைகளுக்கு மட்டும் ஏன் மறுக்கப்பட வேண்டும் என்பது. நல்ல கேள்விதான். பணக்காரப் பெண்ணுக்குக் கிடைப்பது வடசென்னைப் பெண்ணுக்கும் கிடைக்கட்டும் என்ற நீதி அதில் உண்டு. எதிர்த்தவர்களோ, உயிர்காக்கச் செலவிட வேண்டிய மக்கள் பணம் அழகுக்கா என்றார்கள். இரண்டு தரப்பும் ஒன்றில் ஒத்துப்போனார்கள்: மார்பகம் என்பது அழகு. கொடுக்கலாமா கூடாதா என்பதில் மட்டுமே தகராறு. கையை இழந்தவருக்குக் கை பொருத்தினால் அது பிடிக்குமா, சூடு தெரியுமா என்று கேட்போம். மாரை இழந்தவளுக்குப் பொருத்தினால் ரவிக்கை நிரம்புமா என்று கேட்கிறோம்.

பெண்ணியவாதிகளான நாமும் இதில் தப்பவில்லை. மறுசீரமைப்பு என்றதும் நம் நாவில் முதலில் வருவது ஆண்நோக்கு, அழகுச் சந்தை என்ற சொற்கள்தான். துணைக்கு ஆட்ரி லார்டை அழைப்போம். 1978இல் ஒரு மார்பகத்தை இழந்து, பொய் மார்பு வைத்துக்கொள்ள மறுத்து, அப்படி வருவது மருத்துவர் அலுவலகத்தின் மனவுறுதியைக் கெடுக்கும் என்று தாதி கண்டித்ததை 1980இல் வந்த தன் புற்றுநோய்க் குறிப்புகளில் பதிந்தவர் அவர். நாம் அந்த மறுப்பை மட்டும் எடுத்துக்கொண்டோம். அதே நூலில் தன் மார்பு தனக்குத் தந்த இன்பத்தையும், அதை இழந்த துக்கத்தையும் அவர் எழுதியிருப்பதை வசதியாகக் கடந்துவிட்டோம். "மார்பு இல்லாவிட்டாலும் நீ முழுமையான பெண்தான்" என்று சித்தியிடம் நானே சொன்னேன். அவர் முழுமையைப் பற்றிக் கேட்கவே இல்லை. முள் குத்தியது ஏன் தெரியவில்லை என்றுதான் கேட்டார்.

நம் இலக்கியத்திடம் போனாலும் இதே பதில்தான். கண்ணகி இடமுலையைத் திருகி மதுரைமேல் எறிந்தாள், நகரம் எரிந்தது. வையை ஓரமாக நடந்து மலைநாடு சேர்ந்து, பதினான்காம் நாள் விண்ணேறும்வரை அந்தப் புண் அவளுக்கு எப்படி இருந்தது என்று காப்பியம் நின்று கேட்பதில்லை. நற்றிணையில் ஒரு முலையை அறுத்துக்கொண்ட திருமாவுண்ணி வருகிறாள், புறநானூற்றில் மகன் புறமுதுகிட்டிருந்தால் பாலூட்டிய முலையை அறுப்பேன் என்று சூளுரைக்கும் கிழவி வருகிறாள். கற்பின் நெருப்பு, துயரின் சாட்சி, தாய்மையின் பிணை. எல்லாமாகவும் இருந்திருக்கிறது, உணரும் உறுப்பாக மட்டும் அபூர்வம். 2002இல் குட்டி ரேவதி 'முலைகள்' என்று தொகுப்புக்குப் பெயர் வைத்தபோது எழுந்த கூச்சலும் சொல்லைப் பார்த்து எழுந்ததுதான். பெண் அதைத் தன் உடம்பின் உள்ளிருந்து பேசலாம் என்பதைத் தாங்க முடியாதவர்கள் ஆபாசம் என்றார்கள்.

இங்கே என் கட்டுரையையே நான் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. முள்ளையும் ரத்தத்தையும் வைத்து ஏன் தொடங்கினேன்? அது மரியாதையான காரணம் என்பதால். உணர்வற்ற மார்பில் வெந்நீர்ப் பை வைத்துத் தோல் வெந்துபோன நோயாளிகளை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. அடுப்படியில் நிற்கும் எந்தப் பெண்ணுக்கும் அந்த ஆபத்து புரியும், எந்த ஆணும் அதற்கு முகம் சுளிக்க மாட்டான். உணர்வு வேண்டும் என்று கேட்க, காயம்படாமல் உழைக்க என்று காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. சித்தி இன்னொன்றும் சொன்னார். அதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டு, "பேர் போடாம எழுது" என்ற பிறகே எழுதுகிறேன்.

"ராத்திரி உங்க சித்தப்பா கை வெச்சிருக்காரு. எனக்குத் தெரியல. ரொம்ப நேரம் கழிச்சு 'என்ன, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கற'ன்னு கேட்டாரு. அப்பதான் குனிஞ்சு பாத்தேன்."

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. இரண்டு பேரப்பிள்ளைகள். இந்த வயதில் இதெல்லாம் ஒரு குறையா என்று அவரே ஒருமுறை சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை.

நரம்பிணைப்பை ஒரு அற்புதமாக நான் விற்க வரவில்லை. வெட்டிய நரம்பு நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். பத்து சென்டிமீட்டர் கடக்க மூன்று மாதத்துக்கு மேல். உணர்வு தெளிவாகத் திரும்ப ஓராண்டு, இரண்டாண்டும் ஆகலாம். இணைக்காதவர்களுக்கும் கொஞ்சம் உணர்வு தானாகத் திரும்புவதுண்டு, திட்டுத்திட்டாக. இணைத்தவர்களுக்கு அது சீக்கிரமாகவும் கூடுதலாகவும் வருகிறது என்கிற ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. திரும்பி வரும் உணர்வு பழைய உணர்வாக இருக்கும் என்ற உறுதியும் இல்லை: அழுத்தம் தெரியும், சூடு தெரியும், இன்பம் தெரியுமா என்பது வேறு கேள்வி. தடிமன் மாறுபடும் நைலான் இழைகளால் தோலைத் தொட்டுச் சோதிக்கும் முறை அந்தக் கேள்விக்குப் பதில் தராது. மார்பக அறுவை செய்துகொண்ட பெண்களிடமே கேட்டு அளக்கும் 'பிரெஸ்ட்-க்யூ' வினாப்பட்டியல் 2009இல் வந்தது. உணர்வுக்கென்று அதில் தனிப்பகுதி சேர 2021 ஆயிற்று. தானநரம்பை விற்கும் அமெரிக்க நிறுவனம் இந்தச் சிகிச்சைக்கு ஒரு வணிகப் பெயரும் சூட்டிவிட்டது. நம் இழப்புக்குப் பெயர் வைக்க நமக்கு நேரமில்லை, சந்தை முந்திக்கொண்டது.

பேரிகையில் நின்று பார்த்தால் இதெல்லாம் வெகு தூரம்தான். கிருஷ்ணகிரிக்கு அரசு மருத்துவக் கல்லூரியே 2022இல்தான் திறக்கப்பட்டது. ஓசூரில் கைக்கடிகாரத்தின் நுண்ணிய பாகங்களை விரல்நுனியால் பொருத்தும் பெண்களின் தொடுவுணர்வுக்குக் கூலி உண்டு, மதிப்பு உண்டு. அதே பெண்களின் மார்பு உணர்வுக்கு அனுமதிப் படிவத்தில் ஒரு வரிகூட இல்லை. நுண்ணோக்கியும் தானநரம்பும் வர நாளாகும். அறுவைக்கு முன் "இங்கே தொட்டால் உனக்குத் தெரியாமல் போகும்" என்று சொல்வதற்கு நுண்ணோக்கி தேவையில்லை. எந்த நரம்பையாவது விட்டுவைக்க முடியுமா என்று அவள் கேட்பதற்கும், மார்பகத்தை முழுதாக எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்ச்சிகிச்சை தரும் வழி தனக்குப் பொருந்துமா என்று கேட்பதற்கும் தேவையில்லை. கேட்கும் முன் அப்படி ஒன்று உண்டென்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, கதவைச் சாத்திவிட்டு, விளக்குத்திரிக்கு வைத்திருந்த பஞ்சில் ஒரு நுனி கிள்ளி எடுத்துக்கொண்டு சித்தியின் முன் உட்கார்ந்தேன். மருத்துவமனையில் ஒருமுறையும் செய்யாத சோதனை. "கண்ண மூடிக்கோ சித்தி. பட்டதும் சொல்லு." தழும்பின் மேல், கீழ், நடுவில் எனத் தொட்டுக்கொண்டே போனேன். சித்தி பேசாமல் காத்திருந்தார். "ஆரம்பிச்சிட்டியா?" என்று கேட்டார். அக்குள் பக்கமாக நகர்ந்தேன். தழும்பு முடியும் இடத்துக்குச் சற்று வெளியே, ஐந்து ரூபாய் நாணயம் அளவு இடத்தில் பஞ்சு பட்டதும் அவர் தோள் சிலிர்த்தது.

"இங்க இருக்கு," என்றார். கண்ணைத் திறக்காமலே என் கையைப் பிடித்து அதே இடத்தில் மறுபடி வைத்தார்.