யூ இல்லாத க்யூ

ஸ்க்ராபிள் ஆடுகிறவர்கள் உருப்போடும் பட்டியல்கள் பல உண்டு. அவற்றில் எனக்கு ஆகப் பிடித்தது, க்யூவுக்கு அடுத்தாற்போல் யூ வராத சொற்களின் பட்டியல்தான். ஃபகீர், நிகாப், புர்கா, தலாக், காதி, கிப்லா, கனாத், கத், ஷெகெல், கிண்டார், ம்பகாங்கா. அகராதியில் இவை ஒன்றின் முகத்தில் ஒன்று விழிக்காமல் பக்கம் பக்கமாகச் சிதறிக் கிடக்கின்றன. ஓர் எழுத்தைச் சொல்லிக் கூப்பிட்டதும் ஓரிடத்தில் வந்து கூடுகின்றன. அப்படிக் கூடியதை வாய்விட்டு வாசித்தால் ஆங்கிலம் போலவே இல்லை; பழைய ஒட்டக வணிகப் பாதையில் நடப்பது போலிருக்கிறது.

காரணம் இருக்கிறது. லத்தீன் வழிவந்த வழக்கப்படி ஆங்கிலத்தில் க்யூ தனியே வெளியே கிளம்பாது, யூவைக் கூட்டிக்கொண்டுதான் வரும். அரபியின் காஃப் எழுத்தையும் ஹீப்ருவின் கோஃப் எழுத்தையும் ரோமன் லிபியில் குறிக்க க்யூவை எடுத்துக்கொண்டபோது அந்த வழக்கம் உடைந்தது. கனாத், ஈரானின் வறண்ட நிலங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் நிலத்தடிக் கால்வாய். கத், ஏமனில் மென்று சுவைக்கும் இலை. கிண்டார், அல்பேனியாவின் பழைய சில்லறைக் காசு. ம்பகாங்கா, தென்னாப்பிரிக்க இசை. கோஃப் என்ற எழுத்தின் பெயரே ஒரு சொல்லாகிப் பட்டியலுக்குள் வந்துவிட்டது. இந்தக் கூட்டத்தில் உள்ளூர்க்காரன் என்று சொல்லத்தக்கது டிராங்க். மன அமைதி தரும் மருந்துக்கான நீண்ட ஆங்கிலச் சொல்லை, யூ வருவதற்குச் சற்று முன்னால் பார்த்து வெட்டியிருக்கிறார்கள்! ஸ்க்ராபிள் ஆடுகிறவன் எவனோ வெட்டியதோ என்று சந்தேகம் வரும்.

அழகு ஒருபுறம் இருக்க, தேவையும் உண்டு. ஸ்க்ராபிளைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் பட்ஸ், 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை இழந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர். நியூயார்க் டைம்ஸ் போன்ற நாளிதழ்ப் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று உட்கார்ந்து எண்ணினார். மொத்தம் 100 வில்லைகள். இ எழுத்துக்கு 12, யூவுக்கு 4, க்யூவுக்கு ஒன்றே ஒன்று. அந்த ஒன்றுக்கு 10 புள்ளி. வாங்கியவன் முகம் மலராது. ஆட்டம் முடியும்போது கையில் நின்றுவிட்டால் அதே 10 நம் கணக்கில் கழியும், முடித்தவர் கணக்கில் ஏறும். நான்கு யூவும் எங்கே போயின என்று பலகையைத் தேடிக்கொண்டிருப்பவனுக்குத்தான் கத் என்ற மூன்றெழுத்தின் அருமை தெரியும்.

பிறகு வந்தது க்யூவும் ஐயும் மட்டுமே கொண்ட இரண்டெழுத்துச் சொல். சீனர்கள் சொல்லும் உயிராற்றல். உச்சரிப்பு ஏறக்குறைய 'ச்சீ'. வட அமெரிக்கப் போட்டிகளில் 2006இல் இது செல்லுபடியானது. எழுத்தின் புள்ளியை மும்மடங்காக்கும் கட்டத்தில் க்யூவை வைத்து, குறுக்கிலும் நெடுக்கிலும் அதே சொல் அமையும்படி ஐயைச் சேர்த்தால் 31ம் 31ம் 62. ஏழு வில்லைகளையும் ஒரே வீச்சில் இறக்குகிறவனுக்குக் கிடைக்கும் வெகுமதியே 50தான். இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம். க்யூவுக்கு இருந்த கெடுபிடி போய்விட்டது.

கெடுபிடியே இல்லாத எழுத்துகளின் அழகு வேறு வகை. ஏ, இ, ஐ, என், ஆர், எஸ், டி: செய்தித்தாளில் எங்கே திரும்பினாலும் கண்ணில் படுகிற ஏழு பேர். ஆட்டக்காரர்கள் இவற்றை அகரவரிசையில் அடுக்கி அப்படியே மனதில் பதிக்கிறார்கள். அடுக்கைக் கலைத்தால் ரெட்டினாஸ், ரிட்டெய்ன்ஸ், நாஸ்டியர், ஸ்டெய்னர், ரெட்சினா, ஸ்டியரின் என்று வரிசையாக வருகின்றன. விழித்திரையும் கறை படியவைப்பவரும் கிரேக்க மதுவும் மெழுகுவத்திக் கொழுப்பும் ஒரே ஏழு எழுத்துகளுக்குள் குடித்தனம் நடத்துவதை வேறு எந்தப் பட்டியல் காட்டும்?

உயிரெழுத்தே இல்லாத சொற்களையும் சிலர் சிலாகிப்பார்கள். வெல்ஷ் மொழியின் கூம் என்ற பள்ளத்தாக்குச் சொல் சி, டபிள்யூ, எம் என்ற மூன்றே எழுத்து. எவரெஸ்ட் மலையில் உள்ள பனிப்பள்ளத்தாக்குக்கு 1921இல் மலையேறி மாலரி அந்தப் பெயரைத்தான் வைத்தார். வெல்ஷில் டபிள்யூ உயிரெழுத்தாகவும் நிற்கும் என்பதால் இதில் பெரிய அதிசயமில்லை. இருந்தாலும் நல்ல சொல். இதற்கு நேரெதிராக, ஆறு எழுத்தும் உயிரெழுத்தாக, இ, யூ, ஓ, யூ, ஏ, இ என்று ஒன்று இருக்கிறது. ஒரு லத்தீன் வழிபாட்டுத் தொடரின் கடைசி உயிர்களை மட்டும் உருவி எடுத்த சுருக்கக் குறிப்பு அது. இதையெல்லாம் சொல் என்று ஏற்க எனக்கு மனம் வருவதில்லை.

பொருளைப் பற்றிக் கவலையே படாமல் எழுத்தை மட்டும் பார்ப்பதன் உச்சம் நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ். பிரெஞ்சு பேசத் தெரியாதவர், சொற்பட்டியலை உருப்போட்டு 2015இல் பிரெஞ்சு ஸ்க்ராபிள் உலகப் பட்டத்தை வென்றார். 2024இல் ஸ்பானிஷ் பட்டத்தையும். ஆட்டக்காரர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்வது அவருடைய வேறோர் ஆட்டத்தை. கையில் சி, டி, எச், எல், என், ஆர், எந்த எழுத்தாகவும் நிற்கக்கூடிய ஒரு வெற்று வில்லை. பலகையில் ஓர் இ. குழந்தைகள் என்று பொருள்படும் சில்ட்ரன் எவர் கண்ணுக்கும் தெரிந்திருக்கும். அவரோ தள்ளித் தள்ளிக் கிடந்த இரண்டு ஓவையும் அந்த இயையும் கோத்து குளோரோடைன் என்று ஒரு பழைய மருந்தின் பெயரை வைத்தார்.

எனக்கு அந்தத் துறவு கைவராது. கனாத் என்றால் கால்வாய் கண்ணில் தெரியவேண்டும். உருப்போடவே தேவைப்படாத சொற்களும் சில உண்டு. இட்லி இப்போது ஆங்கில ஆட்டத்திலும் செல்லும். ஐ எழுத்து இரண்டு சேர்ந்து கை அடைத்துக்கொள்ளும் நேரத்தில் அதை வைத்தால் இரண்டும் ஒன்றாக இறங்கிவிடும். எதிரில் இருப்பவர் அப்படி ஒரு சொல்லே இல்லை என்று சவால் விட்டால் இன்னும் நல்லது.