திரை காட்டிய நிலமும் காட்டாத நிலமும்

திரைப்படத்திலும் தொலைக்காட்சித் தொடரிலும் கண்ட இடங்களை நேரிற் சென்று காணும் வேட்கை இன்று ஒருவகை யாத்திரையாகவே வளர்ந்துவிட்டது. கோவிலுக்குத் தலபுராணம் எப்படியோ, அப்படியே இவ்விடங்களுக்குத் திரைக்கதை. புராணம் பெற்ற ஊருக்கு அடியார் வருவர். பெறாத ஊர் எத்துணைப் பழமையுடையதாயினும் வழிப்போக்கர் கடந்து செல்லும் ஊராகவே நின்றுவிடும்.

வடசிலாங்கூரில் இதற்கு நல்ல சான்று செகிஞ்சான். சபாக் பெர்ணம் மாவட்டத்தைச் சார்ந்த இவ்வூர் நெடுங்காலம் நெல்லுக்கும் மீனுக்குமே பெயர் பெற்றிருந்தது. ஹாங்காங்கின் டிவிபி நிறுவனம் 2014ஆம் ஆண்டில் ஒளிபரப்பிய 'அவுட்பவுண்ட் லவ்' என்னும் தொடரில் அதன் வயல்வெளி இடம்பெற்றபின், வரப்பில் நின்று படம் எடுத்துக்கொள்ள வருவோர் பெருகினர். தொடரில் அவ்வயல் காதலர் இருவருக்குப் பின்புலம் மட்டுமே. உழுபவனின் இடுப்புவலியோ நீர்ப்பாசனத்தின் வரலாறோ அங்கில்லை. ஆயினும் ஊருக்கு வருவாய் வந்தது. அதனைக் குறைகூற ஒன்றுமில்லை.

எண்ணிப் பார்க்கத்தக்கது வேறொன்று. கோலாலம்பூரிலிருந்து செகிஞ்சானுக்குச் செல்லும் பேருந்து ஈஜோக்கையும் புக்கிட் ரோத்தானையும் கோலசிலாங்கூரையும் கடந்தே செல்கிறது. மலாவத்திக் குன்றின் கலங்கரை விளக்கத்தருகே நிற்கும். இரவாயின் கம்போங் குவந்தான் ஆற்றில் மின்மினிகளைக் காண நிற்கும். இடையிலுள்ள தோட்டங்களில் நிற்பதில்லை. நின்றாலும் காண்பதற்கு என்ன எஞ்சியிருக்கிறது? பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பெரட்டுக் களமும் லயங்களும் பல தோட்டங்களில் அடையாளமின்றி மறைந்தன. ஒரு காளியம்மன் கோவில், ஒரு தமிழ்ப்பள்ளி, சிலவிடங்களில் அவையும் இல்லை. புக்கிட் ரோத்தான், கோல்பீல்ட்ஸ் ஆகிய தோட்டப் பெயர்களை இன்று உரத்துச் சொல்வது பள்ளிப் பெயர்ப் பலகையே. தோட்டம் அழிந்தும் பள்ளியின் பெயரில் 'தோட்டம்' என்ற சொல் நிலைத்திருப்பது ஒரு விந்தை.

தோட்டத்துத் தமிழன் உலகத் திரையிலிருந்து எவ்வாறு மறைந்தான் என்பதற்குப் பெரியதொரு சான்று உண்டு. 1957இல் டேவிட் லீன் இயக்கிய 'குவாய் நதிப் பாலம்' ஏழு ஆஸ்கார் விருதுகளைப் பெற்ற படம். பியேர் பூல் எழுதிய பிரெஞ்சு நாவல் அதன் மூலம். கதை நிகழ்வது சயாமில். படம் எடுக்கப்பட்டதோ இலங்கையில், கித்துல்கலையில், களனி ஆற்றின்மீது. படத்திற்காகக் கட்டிய பாலம் படத்திற்காகவே தகர்க்கப்பட்டது. அதன் அடித்தளத்தைக் காணச் சுற்றுலாப் பயணிகள் இன்றும் அங்கே செல்கின்றனர். உண்மைப் பாலம் நின்ற காஞ்சனபுரியிலோ இன்னும் வியத்தகு நிகழ்ச்சி: பாலம் நின்ற ஆற்றின் பெயர் மே குளோங், திரைப்படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் குவாய் எங்கே என்று கேட்டமையால், 1960ஆம் ஆண்டையொட்டி அப்பகுதி ஆற்றுக்கே 'குவே யாய்' என்று பெயர் மாற்றினர். நிலத்தைப் பார்த்துக் கதை எழுதுவது உலக வழக்கு. கதையைப் பார்த்து நிலம் தன் பெயரைத் திருத்திக்கொண்டது இங்கே.

இனி, படத்தில் இல்லாதவர் யார் என்று நோக்குக. பான்போங்கிலிருந்து தன்பியூசாயட்வரை 415 கிலோமீட்டர் நீண்ட அவ்விருப்புப்பாதை 1942இலும் 1943இலும் ஜப்பானியர் ஆணையால் அமைக்கப்பட்டது. உயிரிழந்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் பன்னிரண்டாயிரத்திற்கு மேற்பட்டோர். ஆசியத் தொழிலாளருள் மாண்டவர் தொகை ஏறத்தாழத் தொண்ணூறாயிரம் வரை மதிப்பிடப்படுகிறது. மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டோரிற் பெரும்பாலார் தோட்டத்துத் தமிழர். சிலாங்கூர்த் தோட்டங்களும் அதற்கு விலக்கல்ல. படத்திலோ ஆங்கிலத் தளபதியின் தன்மானமும் ஜப்பானியத் தளபதியின் பிடிவாதமும் மோதுகின்றன. தமிழ்த் தொழிலாளி ஒருவனேனும் கதைமாந்தனாக வரவில்லை. கலைப்படைப்பு தான் விரும்பியதைத் தெரிந்தெடுக்கலாம் என்பது மறுக்கவியலாத உரிமை. ஆனால் அப்படைப்பே பயணியின் கைவிளக்காகும்போது, அது ஒளிபாய்ச்சாத இடம் அவன் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. காஞ்சனபுரிப் போர்க்கல்லறையில் ஏறத்தாழ ஏழாயிரம் கைதிகளின் கல்லறைகள் ஒழுங்குற நிற்கின்றன. தோட்டத்தானுக்கு அவ்வாறு பெயர்பொறித்த கல் இல்லை. ஜப்பானியர் 1944இல் எழுப்பிய நினைவுத்தூணில் தமிழிலும் சில வரிகள் உள்ளன என்பது வேதனை கலந்த வியப்பு: கொண்டு சென்றவன் எழுதினான், படமெடுத்தவன் எழுதவில்லை.

இக்குறையை நிறைத்தவை நம் எழுத்துகளே. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' (1993) லயத்து மனிதனையே நடுவிற் கொண்டு அப்பாதையைக் காட்டிற்று. ஆயினும் நாவலைப் படித்துவிட்டுப் பயணம் புறப்படுவோர் எத்தனை பேர்? பயணிகளைக் கூட்டும் ஆற்றல் திரைக்கே மிகுதி.

மலேசியத் தமிழ்த் திரையும் இப்பணியில் இறங்காமல் இல்லை. தீபக் குமரன் மேனனின் 'செம்மண் சாலை' (2005) பல்கலைக்கழகக் கனவு காணும் தோட்டத்துப் பெண்ணின் கதை. அங்கே மண் வெறும் பின்புலமன்று; அவள் கால் பதியும் பாதை அது. செகிஞ்சான் தொடருக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுவே. சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015) அடுத்த கட்டத்தைக் காட்டுகிறது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் 1990களின் தொடக்கத்திற் புறம்போக்கில் ஒண்டி வாழ்ந்த நிலை, சிறுவன் அப்போயின் பார்வையில் விரிகிறது. மலேசியத் திரைப்பட விழாவில் 2016இல் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வு பெற்றது. படம் முடிந்தபின், இவ்விடத்தைப் போய்ப் பார்க்கலாமா என்று எவரும் கேட்கமாட்டார். அத்தகைய குடியிருப்பு நிலைத்து நிற்பதற்காக அமைவதன்று. அதனைக் குறையாகக் கொள்வார் உளர். படத்தின் நேர்மை என்று கொள்வதே பொருந்தும். அழகாகக் காட்டியிருந்தால் பொய்யாகியிருக்கும்.

எனினும் நினைவு நிற்க ஓர் இடம் வேண்டும். கோலசிலாங்கூர் வட்டாரத் தமிழ்ப்பள்ளி மாணவர் கல்விச் சுற்றுலா செல்லும்போது வழக்கமாகக் காண்பவை வயலும் மின்மினியுமே. அதே பேருந்து புக்கிட் ரோத்தானில் அரைமணி நேரம் நிற்கலாம். செம்பனை நிழலிற் பழைய லயத்தின் சிமெண்டுத் தரை எங்கேனும் எஞ்சியிருக்கக்கூடும். சயாம் சென்று திரும்பாத தாத்தாவின் பெயர் யார் வீட்டிலாவது சொல்லப்படுகிறதா என்று ஆசிரியர் கேட்கலாம். சண்முகத்தின் நாவலிலிருந்து இரண்டு பக்கங்களை அத்தரையில் அமர்ந்து படிக்கச் செய்யலாம். அங்கே ஒரு மாணவன், 'இதைப் படமாக எடுத்தவர் யாரும் இல்லையா?' என்று வினவக்கூடும்.