கொள்ளைநோயும் மகப்பேறும்: ஒரு நாவல் பற்றிய குறிப்பு

எமா டொனஹியூவின் ‘த புல் ஒவ் த ஸ்டார்ஸ்’ 2020 ஆம் ஆண்டு, கொவிட் பரவிய வேளையில் வெளிவந்தது. 1918 ஆம் ஆண்டின் இன்புளுவென்சாக் காலத்தில், நோயுற்ற கர்ப்பிணிகளுக்கென டப்ளின் வைத்தியசாலையொன்றில் ஒதுக்கப்பட்ட, மூன்று கட்டில்கள் கொண்ட சிற்றறையே அதன் களம். நோய்க்கு நட்சத்திரங்களே காரணமென்ற பழைய நம்பிக்கையைத் தலைப்புச் சுட்டுகிறது. தாதி ஜூலியா காண்பதோ வறுமையாலும் ஓயாத பிரசவங்களாலும் நலிந்த உடல்களை. கொள்ளைநோய் வர்க்கபேதத்தைத் தோற்றுவிக்கவில்லை, அதனை அம்பலப்படுத்துகிறது. இவ்விமர்சன யதார்த்தமே நாவலின் வலிமை.

எனினும், தாயை இழந்த சிசுவொன்றை ஜூலியா வீட்டுக்கு எடுத்துச் செல்வதோடு கதை முடிகிறது. சமூகப் பிரச்சினைக்குத் தனிமனிதக் கருணையே இங்கு தீர்வாகிறது. நாவலில் பாத்திரமாக வரும் வைத்தியர் கத்லீன் லின், வரலாற்றிலோ, 1919 இல் ஏனைய பெண்களுடன் இணைந்து டப்ளினிற் குழந்தைகள் வைத்தியசாலையொன்றை நிறுவினார். அக்கூட்டுச் செயலின் திசையை முடிவு சுட்டியிருப்பின் நாவலின் யதார்த்தம் முழுமை பெற்றிருக்கும்.