டிசி கொடுத்தால் தீருமா? பள்ளிகளும் கூல் லிப்பும்

பையைச் சோதிச்சாச்சு, அப்பா அம்மாவை வரச் சொல்லியாச்சு, மன்னிப்புக் கடிதமும் வாங்கியாச்சு. இன்னொரு தடவை மாட்டினா டிசி. புகையிலையோடு ஒரு பையன் பிடிபட்டால் பள்ளியில் என்ன நடக்கும் என்று கேட்டபோது, விழுப்புரம், திண்டிவனம் பக்கம் எனக்குத் தெரிந்த ஆசிரியர்கள் சொன்ன வரிசை இது.

அமெரிக்கப் பள்ளிகளில் இதே கதை வேப் எனும் மின்சிகரெட்டை வைத்து நடக்கிறது. கழிவறையில் சென்சார் மாட்டுகிறார்கள், மாட்டியவரை இடைநீக்கம் செய்கிறார்கள். மின்சிகரெட்டைத் தமிழ்நாடு 2018லும், மத்திய அரசு 2019லும் தடை செய்துவிட்டன. நம்ம ஊர்ப் பெட்டிக்கடைக்குப் பொருந்துவது அதைவிட மலிவான கூல் லிப். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே வைக்கும் சின்னப் புகையிலைப் பொட்டலம். புகை கிடையாது, கரும்பலகையைப் பார்த்தபடியே வாயில் வைத்திருக்கலாம். 2024 செப்டம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே பள்ளி மாணவர்கள் இதற்கு அடிமையாவதைப் பற்றிக் கவலைப்பட்டு, நாடு முழுக்க ஏன் தடை செய்யக் கூடாது என்று கேட்டது.

2019ல் எடுத்த தேசிய கணக்கெடுப்பின்படி 13 முதல் 15 வயது மாணவர்களில் 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு புகையிலைப் பொருளைப் பயன்படுத்துகிறார்கள். 40 பேர் வகுப்பில் மூணு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு அரசு கொடுத்திருக்கும் கருவி ‘புகையிலை இல்லா கல்வி நிறுவனம்’ வழிகாட்டுதல். ஒன்பது அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். பலகை வைக்கணும், போஸ்டர் ஒட்டணும், வளாகத்தில் பீடித் துண்டு கிடக்கக் கூடாது, 100 கெஜத்துக்கு, அதாவது சுமார் 91 மீட்டருக்கு, எல்லை குறிக்கணும். எல்லாம் தேவைதான். ஆனால் ஏற்கெனவே பழகிவிட்ட பையன் விடுவதற்கு உதவினால் அதில் மதிப்பெண் இல்லை. சுவருக்கு மார்க் உண்டு, பையனுக்கு இல்லை.

சரி, சட்டம் யாரைக் குற்றவாளி என்கிறது? 2003 புகையிலைச் சட்டத்தின் 6வது பிரிவு, 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு விற்பதையும், பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்பதையும் தடுக்கிறது. 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 77வது பிரிவு இன்னும் கடுமை: சிறாருக்குப் புகையிலை கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். இரண்டுமே கொடுத்தவரைத்தான் கைகாட்டுகின்றன. பள்ளியில் மட்டும் வாங்கியவன் குற்றவாளி ஆகிவிடுகிறான். டிசி பயத்தில் நிற்கும் பையன் எந்தக் கடையில் வாங்கினேன் என்று வாயைத் திறப்பானா? தண்டனையே சாட்சியை அழித்துவிடுகிறது.

இன்னொரு ஓட்டையும் இருக்கு. கல்வி உரிமைச் சட்டத்தின் 16வது பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்கிறது. ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பாதுகாப்பு முடிந்துபோகிறது. பழக்கம் முற்றுகிற வயசும் அதுதான்.

ஆசிரியர்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. கடைக்காரர் உள்ளூர்க்காரர், ஆசிரியர் வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். புகார் கொடுத்துவிட்டு மறுநாள் அதே கடையைத் தாண்டித்தான் நடக்கணும். ஒரு பையனைப் பார்த்து நாலு பேர் கெட்டுப்போவான் என்ற பயமும் பொய்யில்லை. ஆனால் டிசி அந்தப் பயத்தைத் தீர்ப்பதில்லை. பையன் அடுத்த பள்ளிக்குப் போகிறான், இல்லை வேலைக்குப் போகிறான். கடை அங்கேயே இருக்கிறது.

நிகோட்டினை நிறுத்திய முதல் சில நாள் எரிச்சல் வரும், கவனம் நிற்காது. வகுப்பில் அதைத் திமிர் என்றுதான் படிப்போம். அந்த நாட்களைத் தாண்ட உதவுவதுதான் பள்ளியின் வேலை. மாட்டிய பையனை முதலில் ஆலோசனைக்கு அனுப்பலாம். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி இரண்டு ஊருக்கும் நடுவில்தான் இருக்கிறது. கடை பற்றிய புகாரை ஆசிரியர் தனியாள் பேரில் இல்லாமல், பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானமாக அனுப்பலாம்.

1800-11-2356. புகையிலையை விட உதவும் இலவச தேசிய எண் இது. 2018 முதல் புகையிலைப் பொட்டலத்திலேயே இதை அச்சிட வேண்டும் என்பது விதி. பொட்டலத்தில் இருக்க வேண்டிய எண், பள்ளிச் சுவரிலும் இருந்தால் என்ன?