யார் வாசித்தது?

ஒரு கட்டுரை எங்கே அச்சானது என்பதை வைத்து அதன் தகுதியைத் தீர்மானிப்பதற்கு வாசிப்பு என்று பெயரில்லை. 'எந்த ஊரு, எந்தத் தெரு?' என்று கேட்டு ஆளை எடைபோடும் நம்மூர் விசாரணையின் கல்விப்புல வடிவம் அது.

இந்த விசாரணைக்கு வாய்த்த கருவிதான் 'தாக்கக் காரணி'. 1960களில் யூஜின் கார்ஃபீல்டும் சகாக்களும் இதை உருவாக்கியது இதழ்களைத் தேர்ந்தெடுக்க. ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்க அல்ல. ஓர் இதழின் முந்தைய இரண்டாண்டுக் கட்டுரைகளுக்கு இந்த ஆண்டில் கிடைத்த மேற்கோள்களைக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுப்பது, அவ்வளவுதான். நாலு கட்டுரை அமோகமாக மேற்கோள் வாங்கினால், ஒருத்தரும் தொடாத ஐந்தாவதுக்கும் அதே எண்தான்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள் மொழித்துறைக் கட்டுரைக்கு 10 புள்ளி வைத்தன. காரணி 10ஐத் தாண்டிய இதழென்றால் கூடுதலாக 30. இருவர் எழுதினால் ஆளுக்கு 70 சதவீதம். ஒரே கட்டுரை 140 சதவீதமாகிவிடுகிறது! தனியாக எழுதுபவன்தான் ஏமாளி. சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து' 1959இல் தொடங்கிவைத்த விமர்சன விவாதங்கள் இன்னும் ஓயவில்லை. இரண்டாண்டுக் கெடுவுக்குள் அதை எப்படி அளப்பது?

ஆனால் எண்ணைத் தூக்கியெறிந்தால் போதும் என்பவர்களோடும் என்னால் சேர முடியவில்லை. அதற்கு முன்பு இருந்தது பொற்காலமா என்ன? சாதி, சிபாரிசு, 'நம்ம ஆளு'. நேர்காணல் அறையில் யாரையும் தெரியாத முதல் தலைமுறைப் பட்டதாரி எண்ணைப் பற்றிக்கொண்டதில் நியாயம் உண்டு. அந்தப் பிடிமானமும் சந்தைக்கு வந்தது. காசு வாங்கிப் போடும் இதழ்கள் பெருகின. 2018 மே மாதத்தில் 4,305 இதழ்களை மானியக் குழு தன் பட்டியலிலிருந்து நீக்கியது. பிறகு வந்த 'கேர்' பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. இதழ்களை மதிப்பிடும் பொறுப்பு நிறுவனங்களிடமே திரும்பியிருக்கிறது. நிறுவனம் என்றால் யாரு? அதே அறை, அதே நாற்காலிகள்.

எனவே நாம் கேட்க வேண்டியது இன்னொரு பட்டியலை அல்ல. தேர்வுக் குழுவில் கட்டுரையை வாசித்தவர் யார், அதில் என்ன கண்டார், எதை மறுத்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு விண்ணப்பித்தவரிடம் கொடுக்கட்டும். அவருக்கு மறுப்பெழுதும் உரிமை இருக்கட்டும். எண்ணோடும் வாதாட முடியாது, பூட்டிய அறையோடும் முடியாது. எழுதிவைத்த வாசிப்போடு வாதாடலாம். சிறுபத்திரிகைகளில் நாம் சண்டை போட்டுப் பழகியது அப்படித்தானே?