அறிவியற்பெயர்கள் இலத்தீனா?

உயிரினங்களின் அறிவியற்பெயர்கள் இலத்தீன் மொழியில் அமைந்தவை என்று வகுப்பறையில் கூறி வருகிறோம். தாவரப் பெயரீட்டிற்கான அனைத்துலக நெறிமுறையோ, ஒரு பெயர் எம்மொழியிலிருந்து பிறந்திருப்பினும் இலத்தீனாகக் கருதப்படும் என்றே கூறுகிறது. பிறப்பு வேறு, கருதப்படுதல் வேறு. இவ்வேறுபாட்டைக் கைவிட்டதால், மாணவர்க்குப் பொருளுள்ள சொற்கள் உருப்போடும் ஓசைகளாகிவிட்டன என்பது எமது கருத்து.

சான்றுக்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மலேசிய வீட்டுத் தோட்டங்களில் வளரும் சிக்கு மரத்தின் பெயர் மணில்காரா சப்போட்டா. மரம் மெக்சிக்கோவும் நடு அமெரிக்காவும் சார்ந்தது. சிற்றினப் பெயர் அங்குள்ள நாவாட்டில் மொழிச்சொல் இசுபானியம் வழியே திரிந்தது. பேரினப் பெயரோ மலையாளம்! கொச்சியில் ஒல்லாந்தரின் தளபதியாயிருந்த வான் ரீடு, இட்டி அச்சுதன் முதலிய மருத்துவர்களின் அறிவைத் துணைக்கொண்டு தொகுத்த ‘ஒர்த்தூசு மலபாரிக்கூசு’ (1678–1693) 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதில் செடிகள் உள்ளூர்ப் பெயர்களாலேயே தலைப்பிடப்பெற்றன. அங்கிருந்த ‘மணில்கார’ என்னும் சொல்லை 1763இல் அதான்சோன் பேரினப் பெயராக்கினார். லின்னேயசு 1753இல் ஆக்ராசு என்னும் பேரினத்தில் வைத்த சிக்கு, 1953இல் மணில்காராவுக்கு மாற்றப்பட்டது. இவ்வாறு கடலுக்கு அப்பாலிருந்த மரம் மலையாளப் பெயர் பூண்டது. நம் நாட்டு டுரியானின் பேரினப் பெயராகிய டூரியோ மலாய்ச்சொல் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இதற்கு எதிரான மற்றொரு பிழையும் உண்டு. இத்தகைய பெயர்களையெல்லாம் தமிழென்று பட்டியலிட்டு மகிழும் ஆர்வம் நம்மவரிடையே குறைவன்று. மணில்காரா எக்சாண்ட்ரா என்னும் மரத்தை ஈழத்தார் பாலை என்பர். தொன்மையான அத்தமிழ்ப்பெயர் பேரினப் பெயராகவில்லை. மரபின் பழமை இங்கு அளவுகோலாக நிற்கவில்லை. எந்தக் கரையில் எவர் நூல் தொகுத்தார் என்பதே முடிவு செய்தது. மாங்கிபெரா இண்டிகா என்பதிலுள்ள முதற்கூறு தமிழ் மாங்காயா, மலையாள மாங்ஙவா என்பதில் அறிஞர் ஒன்றுபட்டிலர். மலாய் மங்காவும் போர்த்துக்கேய மாங்காவும் இடையில் நிற்கின்றன. இவ்விடத்தில் அவசரத் தீர்ப்பு வேண்டா. ‘சுமப்பது’ எனப் பொருள்படும் பெரா என்னும் ஈறும், பெண்பாலுக்கு இயைந்து வந்த இண்டிகாவும் மட்டுமே இலத்தீனின் பங்கு. ‘இலத்தீன் மொழிப் பெயர்’ என்றிருக்கும் தொடரை ‘இலத்தீன் இலக்கணத்திற்கு இயையும் பெயர்’ என மாற்றினால், ஆசிரியர் அடுத்து மாவையும் சிக்குவையும் சொல்லிக் காட்ட இடமுண்டு.